ஸ்போர் புதைபடிவங்களைக் கொண்டு முதல் நிலத்தாவரங்களைப் படிப்பது எப்படி: சேலத்தில் இருந்தபடியே தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீரை விட்டு நிலத்துக்கு வந்த முதல் தாவரங்களுக்கு இலை கிடையாது, வேர் கிடையாது, கட்டையும் கிடையாது. ஈர மண்ணை ஒட்டிச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, செத்ததும் மட்கிப்போன மெல்லிய உடம்புகள் அவை. பாறையில் கண்ணால் பார்த்து "இது செடி" என்று சொல்லக்கூடிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று குக்சோனியா. அதன் வயது ஏறத்தாழ 43 கோடி ஆண்டு. ஆனால் நிலத்தாவரங்கள் உதிர்த்த ஸ்போர்கள் (விதை இல்லாத செடிகள் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்துகள்கள்) 47 கோடி ஆண்டுப் பாறையிலேயே கிடைத்துவிட்டன. இடைப்பட்ட நாலு கோடி ஆண்டுக் கதையில் நம் கையில் இருக்கும் சாட்சி அநேகமாக ஸ்போர் மட்டும்தான்.

உடம்பு அழிந்தும் ஸ்போர் தப்பியதற்குக் காரணம் அதன் ஓடு. ஸ்போரோபொலெனின் என்ற அந்தப் பொருளைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் தின்ன முடியாது. பாறையைக் கரைக்கும் அமிலம்கூட அதை விட்டுவைக்கும். ஒரே செடி லட்சக்கணக்கில் உதிர்க்கும். அளவோ பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காற்றில் பறக்கும், ஓடையில் மிதக்கும், கடலில் போய்ப் படியும். இப்படிக் கடலில் படிவதுதான் வயது கணிக்கும்போது நமக்குப் பெரிய உதவியாக வரப்போகிறது.

சேலம் வட்டாரத்துத் தாவரவியல், நிலவியல் மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையில் கேள்விகள் மூன்று. பாறைக்கு என்ன வயது? இந்தத் துகளின் வடிவம் என்ன? இதைப் பெற்ற செடி எது? ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியிலும், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: காலடியில் இருக்கும் பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேர்வராயன் மலை முழுக்க சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. கஞ்சமலையில் இரும்புத்தாது உள்ள காந்தக்கல் பட்டைகள். கருப்பூர்ப் பக்கம் நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட். மூன்றிலும் ஸ்போர் தேடிப் பயனில்லை. காரணங்கள் இரண்டு. மலையின் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் உருவானது. அப்போது நிலத்தாவரமே கிடையாது. இரண்டாவது, அந்தப் பாறை பூமிக்குள் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து வந்திருக்கிறது. ஸ்போரின் ஓடு 200 டிகிரியை எட்டுவதற்குள்ளாகவே கறுத்துப்போய் அடையாளம் இழக்கத் தொடங்கும்.

மலையில் எங்கேயாவது கல்லுக்குள் செடி வடிவத்தில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் ஆசையோடு கொண்டுவருவார்கள். மாங்கனீசு ஆக்சைடு விரிசலுக்குள் கிளைகிளையாகப் படிந்தால் அச்சு அசல் பெரணி போலவே இருக்கும். அது தாவரமில்லை. மாணவர்களின் ஆர்வம் குன்றாமல் இதை எடுத்துச் சொல்வது ஆசிரியரின் பொறுப்பு.

படிவுப் பாறையைப் பார்க்க வேண்டுமானால் ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை அறிவியல் உலகுக்குத் தெரிவித்தார். அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் அது கிரிட்டேசியஸ் காலத்தது, அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்தது. முதல் ஸ்போர்கள் மண்ணில் விழுந்து 32 கோடி ஆண்டு ஓடிய பிறகுதான் கிரிட்டேசியஸே தொடங்குகிறது. நெய்வேலி நிலக்கரியில் மகரந்தமும் ஸ்போரும் ஏராளம். அது இன்னும் இளையது, மயோசீன் காலத்தது. ஆக, நம் மாநிலத்துப் படிவுகள் முறையைப் பழக உதவும். முதல் தாவரங்களின் ஸ்போருக்கு அர்ஜென்டினா, ஓமன், சவுதி அரேபியா, ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற இடங்களின் பாறைகளைத்தான் நம்ப வேண்டும். அவற்றின் படங்கள் ஆய்விதழ்களில் தாராளமாக வெளிவந்திருக்கின்றன. சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

படி 2: ஏற்காட்டில் கண்ணைப் பழக்குங்கள்

வழிகாட்டியிலேயே நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இது. உயிருள்ள ஸ்போரை நூறு தடவை பார்க்காதவருக்குப் புதைபடிவ ஸ்போர் ஒரு பழுப்புப் புள்ளியாகத்தான் தெரியும்.

தென்மேற்குப் பருவமழை பிடித்ததிலிருந்து வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை மலைப்பாதை ஓரத்து வெட்டுச்சரிவுகளும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் பச்சையாக இருக்கும். அங்கே நாலு வகையைத் தேடுங்கள்.

சுவர் இடுக்குகளில் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி வளரும். சுண்ணாம்பை விரும்பும் செடி என்பதால் சேலம் நகரத்துப் பழைய சுவர்களிலும் கிடைக்கும். இலை ஓரம் உள்பக்கம் மடிந்து, அந்த மடிப்புக்குள் பழுப்பு வரியாக ஸ்போர்ப் பைகள் இருக்கும். வெட்டுச்சரிவின் ஈரத்தில் செலாஜினெல்லா என்ற விதையில்லாச் சிறு செடி படர்ந்திருக்கும். ஓடையோரத்தில் லிவர்வொர்ட் என்ற தட்டையான சிறு செடி மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும். மழை நன்றாகப் பெய்த பிறகு, அதே ஈர மண்ணில் பச்சைத் தட்டிலிருந்து ஊசிபோல் கொம்பு நீட்டும் ஹார்ன்வொர்ட்டும் கண்ணில் படலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எதையும் பறிக்காதீர்கள். சாலையோரச் சுவரும் தெரிந்தவர் வீட்டுத் தோட்டமும் போதும். ஒரு இலைத்துண்டுக்கு மேல் தேவையுமில்லை.

வெள்ளிப் பெரணியைக் கையில் தட்டி வெள்ளை அச்சு எடுத்து விளையாடாத பிள்ளை மலையில் இருக்காது. அந்த வெள்ளைப் பொடி இலையின் அடியில் சுரக்கும் மெழுகு போன்ற பொருள். ஸ்போர் அதற்கு நடுவே கருமையாக இருக்கும். பொடியையே ஸ்போர் என்று எண்ணிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் நுண்ணோக்கியில் வடிவமில்லாத துணுக்குகள்தான் தெரியும்.

ஸ்போர் எடுக்கும் முறை எளிது. பைகள் பழுப்பாக முற்றிய இலைத்துண்டை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வழவழப்பான வெள்ளைத் தாளில் வையுங்கள். மேலே இன்னொரு தாள் மூடி, ஓரங்களை மடித்து, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் ஓரிரு நாள் விடுங்கள். காய்ந்ததும் பைகள் வெடித்துத் தாளில் பழுப்புத் தூள் விழுந்திருக்கும். ஒவ்வொரு செடிக்கும் தனித் தாள், தனி உறை, உறைமேல் இடமும் தேதியும். ஊசி முனையால் தூளைத் தொட்டு, ஒரு சொட்டு கிளிசரினில் விட்டு, மூடித்தகடு போட்டு 400 மடங்கில் பாருங்கள். கண்வில்லையில் அளவுகோல் பொருத்திய நுண்ணோக்கியாக இருந்தால் அளவையும் குறித்துக்கொள்ளலாம்.

என்ன பார்ப்பது? ஒரு தாய்ச்செல் குன்றல் பகுப்பில் நாலு ஸ்போர்களாகப் பிரிகிறது. நாலு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து மூன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் அடுக்குங்கள். ஒவ்வொரு பழமும் மற்ற மூன்றைத் தொடும். இப்படி நெருக்கி வளர்ந்த நாலு ஸ்போர்கள் பிரியும்போது, ஒவ்வொன்றின் உள்முகத்திலும் மூன்று தொடுபரப்புகள் பதிந்திருக்கும். அந்தப் பரப்புகள் சந்திக்கும் விளிம்புகள் ஒரு மையத்திலிருந்து மூன்று கதிராகப் பிரியும் தழும்பாக நிற்கும். இதுதான் மூவரித் தழும்பு. டெரிஸிலும் செலாஜினெல்லாவிலும் இது பளிச்சென்று தெரியும். தொட்டியில் வளர்க்கும் நெஃப்ரோலெப்பிஸ் பெரணியில் ஸ்போர் அவரை விதை வடிவில் ஒற்றை வரியோடு இருக்கும். செல்கள் வேறுவிதமாக அடுக்கியதன் விளைவு அது.

செலாஜினெல்லாவை இன்னொரு காரணத்துக்காகவும் பத்திரப்படுத்துங்கள். அதில் சிறிய ஸ்போர், பெரிய ஸ்போர் என்று இரண்டு அளவு உண்டு. பெரியவை ஒரு பைக்குள் வழக்கமாக நாலு. கைலென்ஸிலேயே பார்க்கலாம். வயது கணிக்கும் படியில் இது மீண்டும் வரும்.

லிவர்வொர்ட்டுகளில் சில, முற்றிய பிறகும் நாலு ஸ்போர்களைப் பிரிக்காமல் ஒன்றாகவே உதிர்க்கும். மிகப் பழைய பாறைகளில் கிடைப்பதும் இப்படிப் பிரியாத நாலுகள்தான். அமெரிக்க ஆய்வாளர் ஜேன் கிரே 1970களிலிருந்தே இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டி, அவற்றை நிலத்தாவரத்தின் தடயமாக வாதிட்டார்.

பாசியிலும் ஸ்போர் உண்டே, அதோடு எப்படிக் குழப்பாமல் இருப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நிலத்தாவரத்துக்கு நெருங்கிய உறவான கோலியோகீட்டி போன்ற பச்சைப்பாசிகளில் ஸ்போரோபொலெனின் போன்ற பொருள் கருவுற்ற முட்டையைச் சுற்றித்தான் இருக்கிறது. நிலத்தாவரத்தில் அது ஒவ்வொரு ஸ்போரையும் சுற்றிக்கொண்டது. அதனால் கெட்டியான ஓடு, நாலாகப் பிரிந்ததன் தடயம் ஆகிய இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் நிலத்தாவரம் என்று சொல்லத் துணிவார்கள். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

படி 3: எந்தப் பாறை, எப்படி எடுப்பது

சாம்பல் அல்லது கரும்பச்சை நிற, நுண்ணிய துகள் கொண்ட களிப்பாறையும் வண்டற்பாறையும் நல்லது. சிவப்புப் பாறை ஆக்சிஜன் பட்டது. அதில் ஸ்போர் மிஞ்சுவது அரிது. பருமணற்பாறையில் ஸ்போர் தங்காமல் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பை ஒதுக்கி, உள்ளே புதுப்பாறை வரும்வரை தோண்டி எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 50 கிராம் தாராளம். அடுக்கின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் எடுத்தீர்கள் என்பது மாதிரியைவிட முக்கியம். அது எழுதப்படாத கல் வெறும் கல். உளியை ஒவ்வொரு தடவையும் துடைத்து, புதுப் பையில் போட்டு, உள்ளேயும் வெளியேயும் எண் எழுதுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றினால் இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் உப்பு மலைத்தொடரின் வரலாற்றைப் படியுங்கள். அங்குள்ள உப்பு அடுக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் உயர்தாவரங்களின் நுண் துணுக்குகள் கிடைத்ததைக் கொண்டு, 1940களில் பீர்பல் சாஹ்னி அந்த அடுக்கு இயோசீன் காலத்தது, அதாவது மிக இளையது என்று வாதிட்டார். களத்தில் அடுக்குகளை அளந்தவர்கள் அது சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய கேம்பிரியனை ஒட்டிய பழைய அடுக்கு என்றார்கள். இன்று நிலைத்திருப்பது இரண்டாவது கருத்து. சாஹ்னி இந்தியத் தொல்தாவரவியலுக்கே அடித்தளம் இட்டவர். அவருடைய கவனத்தில் யாரும் குறை காண முடியாது. உப்பு என்பது நீரில் கரைந்து மீண்டும் உறையும் பொருள். இளைய துணுக்குகள் அதற்குள் நுழைய வழி உண்டு. எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் துகள் மட்டும் போதாது, அது எப்படி அங்கே வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

படி 4: பாறையைக் கரைப்பது

இந்தப் படியை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்யவே கூடாது. சிலிக்கேட்டைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலேயே உள்ளே இறங்கி, ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து உயிருக்கே ஆபத்தாக முடியும். புகைபோக்கி அறை, தகுந்த கையுறை, முகக்கவசம், பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற ஆள் ஆகியவை உள்ள ஆய்வகத்தில் மட்டுமே இதற்கு இடம். இந்தியாவில் இந்த வேலைக்கென்றே இருப்பது லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி தொல்அறிவியல் நிறுவனம். ஆனாலும் நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் ஆய்வுக் கட்டுரையை விமர்சனத்தோடு படிக்க முடியும்.

கழுவி, பட்டாணி அளவுக்கு உடைத்த பாறையில் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் சுண்ணாம்பு போய்விடும். இந்த வரிசை மாறக் கூடாது. கால்சியம் மிஞ்சியிருந்தால் அடுத்த அமிலத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஃப்ளோரைடு படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அடுத்து ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். அது கண்ணாடியை அரிப்பதால் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான். பிறகு அமிலம் போகும்வரை தண்ணீரில் கழுவி, 10 அல்லது 20 மைக்ரான் சல்லடையில் வடித்து, கனமான துத்தநாகக் குளோரைடு கரைசலில் சுழற்றினால் கரிமத் துகள்கள் மேலே மிதக்கும், கனிமம் அடியில் தங்கும். மிதப்பதை எடுத்துத் தகடு தயாரிப்பார்கள்.

இரண்டு சோதனைகள் நடந்தனவா என்று கட்டுரையில் தேடுங்கள். முதலாவது, வெற்றுச் சோதனை: பாறையே போடாமல் அதே அமிலம், அதே சல்லடை, அதே மேசை வழியாக ஒரு மாதிரியை ஓட்டுவது. அதில் ஸ்போர் தெரிந்தால் ஆய்வகத்துக் காற்றிலிருந்து வந்தது. இரண்டாவது, எண்ணிக்கைச் சோதனை. லைக்கோபோடியம் என்ற இன்றைய செடியின் ஸ்போர் எத்தனை இருக்கிறது என்று முன்பே தெரிந்த மாத்திரையைச் சேர்ப்பார்கள். உதாரணத்துக்கு, 20 கிராம் பாறையில் 18,000 லைக்கோபோடியம் ஸ்போர் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். தகட்டில் 300 புதைபடிவ ஸ்போரும் 150 லைக்கோபோடியமும் எண்ணினால், மொத்தப் புதைபடிவம் 36,000, கிராமுக்கு 1,800. லைக்கோபோடியத்துக்கும் மூவரித் தழும்பு உண்டு என்பதால் பழைய ஸ்போரோடு சேர்த்து எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. அதன் ஓட்டின் வலைப்பின்னல் மேற்பரப்பை முன்பே பார்த்துப் பழகியிருந்தால் அந்தக் குழப்பம் வராது.

படி 5: வடிவத்தைப் பிரிப்பது

இது இரண்டாவது கேள்வி. செடியின் பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

துகள் தனியா, இரட்டையா, நாலா? நாலு என்றால் ஒட்டியே இருக்கிறதா, பிரியும் நிலையிலா? மேலே மெல்லிய உறை மூடியிருக்கிறதா? உள்முகத்தில் தழும்பு உண்டா? மேற்பரப்பு வழவழப்பா, முள்ளா, மேடா, மையத்திலிருந்து விரியும் ஆரை வரியா? விட்டம் எவ்வளவு? நிறம் என்ன?

பிரியாத நாலு, பிரியாத இரட்டை, அவற்றிலிருந்து உடைந்து வந்த தழும்பில்லாத ஒற்றை ஆகியவற்றை கிரிப்டோஸ்போர் என்ற தலைப்பில் வைப்பது வழக்கம். டெட்ராஹெட்ராலீட்டஸ் என்பது பிரியாத நாலுக்கும், டையாடோஸ்போரா என்பது இரட்டைக்கும் பெயர். மூவரித் தழும்போடு வழவழப்பாக இருக்கும் ஆரம்பகால ஸ்போருக்கு ஆம்பிட்டிஸ்போரைட்டஸ். இவை வடிவத்துக்கு வைத்த பெயர்கள். ஒரே பெயருக்குள் பல வகைச் செடிகளின் ஸ்போர் இருக்கலாம். ஒரு செடியின் ஸ்போரே முற்றியதும் முற்றாததுமாக இரண்டு பெயரில் கிடக்கவும் கூடும்.

நிறத்தைக் கட்டாயம் எழுதுங்கள். வெளிர் மஞ்சள் என்றால் பாறை அதிகம் சூடாகவில்லை. ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று போகப்போகச் சூடு அதிகம். ஒரே தகட்டில் பத்து ஸ்போர் கரும்பழுப்பாகவும் ஒன்று மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருந்தால் அந்த ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு துகளும் தகட்டில் எங்கே இருக்கிறது என்று இங்கிலாந்து ஃபைண்டர் கட்டத்தகட்டின் எண்ணால் குறித்துவைத்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் அதே துகளைத் தேடிப் பார்க்க முடியும். படம் மட்டும் வைத்துக்கொண்டால் அது முடியாது.

படி 6: வயது சொல்வது

ஸ்போருக்குள் கடிகாரம் எதுவும் இல்லை. அது எந்த வடிவம், அந்த வடிவம் வேறு எந்த அடுக்குகளில் கிடைத்திருக்கிறது என்ற ஒப்பீட்டில்தான் வயது வருகிறது. அந்த அடுக்குகளுக்கு ஆண்டுக்கணக்கு கொடுப்பதோ வேறு முறைகள். எரிமலைச் சாம்பல் அடுக்கிலுள்ள சிர்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவை அளந்தால் கோடிக்கணக்கில் வயது கிடைக்கும். கிராப்டோலைட், கோனோடாண்ட், கைட்டினோசோவன் போன்ற கடல் உயிர்களின் படிவங்கள் உலகம் முழுவதும் அடுக்குகளை இணைக்கின்றன. நிலத்து ஸ்போர் கடலில் போய் இவற்றோடு சேர்ந்து படிந்ததால் நிலத்தின் கதையும் கடலின் காலக்கணக்கும் ஒரே தகட்டில் கிடைக்கின்றன. ஆற்றுப்படுகையில் மட்டுமே ஸ்போர் கிடைத்திருந்தால் இந்தத் துறை இவ்வளவு உறுதியாகப் பேச முடிந்திருக்காது.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வரிசை இது. ஆர்டோவிசியன் நடுப்பகுதி, அதாவது சுமார் 47 கோடி ஆண்டு: கிரிப்டோஸ்போர் மட்டும். அர்ஜென்டினாவின் வடமேற்கிலிருந்து 2010இல் வெளியான சான்று இந்தக் காலத்தது. ஆர்டோவிசியன் பிற்பகுதி: சவுதி அரேபியாவில் மூவரித் தழும்புள்ளவை முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. 44.4 கோடி ஆண்டில் சைலூரியன் தொடங்கிய பின் வழவழப்பான மூவரி ஸ்போர்கள் பெருகுகின்றன. சைலூரியன் நடுப்பகுதியையொட்டி முள்ளும் மேடும் கொண்ட ஓடுகள் வருகின்றன. 41.9 கோடி ஆண்டில் தொடங்கும் டெவோனியனில் வகைகள் வேகமாகக் கூடுகின்றன. எம்ஃபனிஸ்போரைட்டஸ் போன்ற ஆரை வரி ஸ்போர்கள் அங்கே அடிக்கடி வரும். டெவோனியன் முன்னேறும்போது 200 மைக்ரானைத் தாண்டும் பெரிய ஸ்போர்கள் தோன்றுகின்றன. செலாஜினெல்லாவில் பார்த்த இரண்டு அளவு வழக்கத்தின் தொடக்கம் அது. டெவோனியனின் கடைசிக் கட்டத்துக்கு ரெட்டிஸ்போரா லெப்பிடோஃபைட்டா என்ற ஒரே வகை அடையாளமாகிறது, சுமார் 35.9 கோடி ஆண்டுக்கு முன் டெவோனியன் முடிவதோடு அது மறைகிறது.

ஒரு தகட்டை எப்படிக் கணிப்பது? கிடைத்த ஒவ்வொரு வகையும் எப்போது தோன்றி எப்போது மறைந்தது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றாக ஓடும் பகுதிதான் உங்கள் அடுக்கின் வயது. ஒரு கோடு மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டால், பழைய பாறை அரிக்கப்பட்டு அதன் ஸ்போர் இளைய அடுக்கில் மீண்டும் படிந்திருக்கலாம்; மூத்தவற்றால் அடுக்கு மூத்ததாகாது. ஆழ்துளைக் கிணற்றில் வெட்டி வரும் துணுக்குகள் என்றால் ஆபத்து எதிர்த் திசையில்: மேலடுக்கின் இளைய ஸ்போர் துளைக்குள் சரிந்து கீழ்மாதிரியில் கலந்துவிடும். அதனால் துளைத் துணுக்குகளில் ஒரு வகை மறைந்த மட்டத்தை நம்பலாம், தோன்றிய மட்டத்தை நம்பக் கூடாது. முழு உருளையாக எடுத்த மாதிரியில் இந்தச் சிக்கல் குறைவு.

"மூவரி ஸ்போர் இல்லை, ஆகவே இது ஆர்டோவிசியன்" என்று எழுதிவிடாதீர்கள். கரையிலிருந்து தூரமாகப் படிந்த பாறையாகவும் இருக்கலாம். இல்லாததை வைத்து வயது சொல்வதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

இன்னொன்று, ஸ்போர் தருவது எப்போதுமே குறைந்தபட்ச வயது. 47 கோடியில் கிரிப்டோஸ்போர் இருந்தால் நிலத்தாவரம் அதற்கு முன்பே தோன்றிவிட்டது என்றுதான் பொருள். உயிருள்ள தாவரங்களின் மரபணு வேறுபாட்டை வைத்துப் போட்ட 2018ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, நிலத்தாவரத்தின் தோற்றத்தைக் கேம்பிரியன் நடுப்பகுதிக்கும் ஆர்டோவிசியன் முற்பகுதிக்கும் இடையே வைக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2021இல் வெளியான சுமார் 48 கோடி ஆண்டுத் துகள்கள் இந்த இடைவெளியில் நிற்கின்றன: பாசி வகை ஒழுங்கின்மையும் ஸ்போர் வகை அடுக்கும் கலந்தவை. ஸ்போர் உண்டாக்கும் திறன் முதலில் வந்து, செடியின் உடம்பு அதன்பின் படிப்படியாக அமைந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அவை வலுச்சேர்க்கின்றன. எனக்கு இந்த விளக்கம் ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

படி 7: தாயைத் தேடுவது

மூன்றாவது கேள்வி. இதற்கு மூன்று வழிகள் உண்டு. எளிதான வழி ஒன்றுமில்லை.

சிறந்தது, ஸ்போர்ப் பைக்குள்ளேயே ஸ்போரைப் பிடிப்பது. ஓமன் நாட்டு ஆழ்துளை மாதிரியில் சுமார் 45 கோடி ஆண்டுப் பழைய பைத்துணுக்குகள் கிரிப்டோஸ்போர் நிறைந்தபடியே கிடைத்தன. 2003இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான், பிரியாத நாலுகளைப் பெற்றது உண்மையான செடி என்பதற்குப் பெரிய ஆதாரம். குக்சோனியாவின் பைகளை ஆராய்ந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. வெளியே பார்க்க ஒரே மாதிரியான பைகளுக்குள் வெவ்வேறு வகை ஸ்போர்கள் இருந்தன. ஒரே இனம் என்று நினைத்தது பல இனங்களாக இருக்கலாம். உடம்பைவிட ஸ்போர் வேகமாக மாறியிருக்கிறது.

அடுத்த வழி, ஸ்போர் ஓட்டிலிருந்து மெல்லிய சீவல் வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. ஓமன் ஸ்போர்களின் ஓடு தாள் தாளாக அடுக்கியிருந்தது. இன்றைய லிவர்வொர்ட்டுகள் சிலவற்றை ஒத்த அமைப்பு. ஒத்திருப்பதாலேயே அவை லிவர்வொர்ட் என்று முடிவுகட்ட முடியாது. உறவு இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, முழுச் செடியும் கல்லான இடங்களோடு ஒப்பிடுவது. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் வெந்நீர் ஊற்றின் சிலிக்கா சுமார் 40.7 கோடி ஆண்டுக்கு முன் செடிகளைச் செல் செல்லாக உறையவைத்தது. தண்டு, பை, ஸ்போர் மூன்றும் ஒரே கல்லில் இருப்பதால் அங்கே தாயைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ரைனி ஒரு சிறு சதுப்பின் கதை. முதல் ஸ்போருக்கு ஆறு கோடி ஆண்டு பிந்தியதும்கூட.

படி 8: ஏற்காடு ஏரிச் சேற்றில் ஒரு பயிற்சி

கல்லூரி ஆய்வகம் இருந்தால் ஆபத்தான அமிலம் இல்லாமலே முழு முறையையும் ஒத்திகை பார்க்கலாம். ஏரிக்கரையில் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு கரண்டிச் சேறு எடுங்கள். சுற்றிலும் கண்ணில் படும் செடிகளைப் பட்டியல் போடுங்கள்: சில்வர் ஓக், காபி, மிளகு, புல், பெரணி. சேற்றை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வெந்நீர்த் தொட்டிமேல் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டுக் கழுவுங்கள்; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பெரிய குப்பையை 150 மைக்ரான் சல்லடையில் ஒதுக்கி, கீழே போனதை 10 மைக்ரான் நைலான் வலையில் வடித்து நிறுத்துங்கள். மணல் மிஞ்சினால் குழித்தகட்டில் மெதுவாகச் சுழற்றி இலேசானதை மட்டும் இறுத்தெடுங்கள். கிளிசரினில் தகடு போட்டு 300 துகள் எண்ணுங்கள்.

பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். காற்றில் மகரந்தம் விடும் புல்லும், ஸ்போர் கொட்டும் பெரணியும் தங்கள் பங்குக்கு மேல் வந்திருக்கும். மலைச்சரிவுகளில் இவ்வளவு காபி இருந்தும் சேற்றில் அது சொற்பமாகவே வரும் என்று எதிர்பார்க்கலாம். அதன் மகரந்தம் காற்றில் அதிகம் பறப்பதில்லை. இந்த விகிதத்தைச் செடிவாரியாக எழுதிவைத்து, படகுத்துறைப் பக்கம் எடுத்த சேற்றையும் ஓடை வந்து சேரும் வாயில் எடுத்த சேற்றையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். ஓடைவாயில் பெரணி கூடினால், மேலே எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று நடந்துபோய்ப் பார்க்க உங்களால் முடியும். ஆர்டோவிசியன் தகட்டோடு வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.